ஒரு லிட்டரின் எடை

ஜெரார்தாவால் ஒரு எண்ணை எழுதிவிட்டு அதைத் தனியாக நிற்கவிட முடியாது. செர்ராபியானா ஊராட்சி அலுவலகத்தின் இரண்டாவது ஜன்னலில் அவள் உட்கார ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. இந்த வழக்கமும் அவளோடு கூடவே வந்து உட்கார்ந்தது. காட்டில் விறகு வெட்ட அனுமதி கேட்டு வருகிறவர் "இருபது போட்டுக்க" என்பார். பேனா நின்றுவிடும்.

"இருபது என்ன?"

"குவிண்டால்தான். பின்ன, இருபது பாதிரியாரையா வெட்டப் போறேன்?"

வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவளும் சிரித்துக்கொண்டே இருபதுக்குப் பக்கத்தில் 'குவிண்டால்' என்று முழுதாக எழுதி, அடியில் கோடு இழுப்பாள். ரொட்டிக்கடைக்கு எழுதி அனுப்பும் சீட்டில்கூட 'முட்டை, ஆறு எண்ணம்' என்றுதான் இருக்கும். "எண்ணம்னு போடலைன்னா என்ன, லிட்டர் கணக்குல உடைச்சு ஊத்திக் குடுத்துருவேனா?" என்று ரொட்டிக்கடைக்காரி ஒருமுறை கேட்டாள். படித்தவளின் கிறுக்கு என்று ஊர் அதை விட்டுவிட்டது. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளா என்பது அவளுக்கே தெரியாது.

அவள் அப்பா வீத்தோவுக்கு ஆறு பசு, நாற்பது ஆடு. பாலை விடியலில் சீஸ் பட்டறைக்குக் கொண்டுபோவார். அங்கே வாளியைத் தராசில் தொங்கவிட்டுக் கிலோவில் நிறுப்பார்கள், லிட்டர் விலையில் காசு கொடுப்பார்கள். ஒரு லிட்டர் என்றால் ஒரு கிலோ. அந்த மலையில் யாரும் அதைத் தனியாகக் கற்றுக்கொண்டதில்லை. பால், திராட்சை மது, மழைத் தண்ணீர் எல்லாவற்றுக்கும் அதுதான் கணக்கு. ஏழு வயதிலிருந்து அப்பாவின் பால் நோட்டை எழுதியவள் ஜெரார்தா. வீட்டில் எழுதத் தெரிந்த கை அது ஒன்றுதான்.

இருபத்து நான்கு வயதில் பொருளாதாரப் பட்டத்தோடு கடலோர நகரத்திலிருந்து திரும்பி வந்தாள். செர்ராபியானாவில் ஒரு விவசாயி வீட்டிலிருந்து பட்டம் வாங்கிய முதல் ஆள். பட்டம் வாங்கினவர் யாரானாலும் ஊருக்கு டாக்டர்தான், ஊசி போடத் தெரிய வேண்டியதில்லை. பக்கத்து வீட்டில் ஒன்பது வருடம் 'மூக்கொழுகி' என்று கூப்பிட்டவர்கள் 'டாக்டரம்மா' என்றார்கள். அந்த வார்த்தை முதல் வாரம் கூச்சமாக இருந்தது. இரண்டாம் வாரம் இனித்தது. மூன்றாம் வாரம், யாராவது வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஏதோ குறைந்தது போல இருந்தது. பின்னாளில் அவள் தன்னைத் தானே விசாரித்தபோதெல்லாம் இந்த மூன்றாம் வாரத்தில்தான் வந்து நிற்பாள்.

வேலை இன்னும் கிடைக்கவில்லை. அந்த இலையுதிர் காலத்தில்தான் கேஸ் டேங்க் கம்பெனிக்காரன் மலையேறி வந்தான்.

குழாய் கேஸ் பள்ளத்தாக்கோடு நின்றுவிட்டது. மேலே இருக்கிற ஊருக்குக் குளிர்காலம் முழுக்கக் கானியோ கொண்டுவரும் சிலிண்டர்தான். சமையலறையில் சக்கரம் வைத்த ஹீட்டர், அதன் முதுகுக்குள் பதினைந்து கிலோ சிலிண்டர். மற்ற அறைகளில் கம்பளி. கானியோ லாகுவார்தியா பதினெட்டு வருடமாக அந்த வேலையைச் செய்துவந்தார். பச்சை வேன் ஏற முடியாத சந்துகளில் சிலிண்டரைத் தோளில் தூக்கிப் படியேறுவார். வேனின் பின்கதவில் ஒரு வில் தராசு தொங்கும். யாரும் கேட்காவிட்டாலும் ஒவ்வொரு வாசலிலும் சிலிண்டரை அதில் மாட்டி, கழுத்தில் பொறித்திருக்கும் வெற்று எடையை உரக்கப் படிப்பார். "வெறும் கூடு பதிமூணு. இப்ப இருபத்தெட்டு. உள்ள பதினஞ்சு. பாத்துக்கிட்டியா?" பெண்கள் பார்க்காமலே தலையாட்டுவார்கள்.

கம்பெனிக்காரன் காட்டிய ஆசை பெரியது. தோட்டத்து மண்ணுக்குள் புதைக்கும் கேஸ் டேங்க் இலவசம். சுவருக்குச் சுவர் ரேடியேட்டர். லாரி வந்து நிரப்பிவிட்டுப் போகும். லிட்டர் ஒரு யூரோ முப்பது சென்ட். ஐந்து வருடத்துக்கு வேறு யாரிடமும் வாங்கக் கூடாது, வருடத்துக்கு ஆயிரம் லிட்டராவது வாங்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. ஊர் தயங்கியது. காபிக்கடை சவேரியோதான் வழி சொன்னான். "நமக்குன்னு ஒரு டாக்டர் இருக்கறப்ப நாம ஏன் மண்டைய உடைச்சுக்கணும்?"

ஜெரார்தா ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டாள். கானியோவின் சிலிண்டர் முப்பத்தாறு யூரோ. பதினைந்தால் வகுத்தால் இரண்டு நாற்பது. டேங்க், ஒன்று முப்பது. அழகான கையெழுத்தில் எழுதி, இரண்டு எண்களையும் வட்டமிட்டாள். எண்களுக்குப் பக்கத்தில் எதுவும் எழுதவில்லை. சவேரியோ அதைக் காபிக்கடைக் கண்ணாடியில் ஒட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஆண்கள் எல்லோரும் அங்கே கூடினார்கள். வீத்தோ அன்று சட்டைக் கழுத்துப் பொத்தானைப் போட்டிருந்தார். ஜெரார்தா தாளைக் காட்டி விளக்கினாள். பாதி விலை, கிட்டத்தட்ட. முணுமுணுப்பு எழுந்தது. கானியோ காபிக் கோப்பையோடு கல்லா ஓரமாக நின்றிருந்தார்.

"அம்மாடி, ஒண்ணு கேக்கறேன்" என்றார். "அந்த லிட்டர் என்ன எடை இருக்கும்?"

அவர் குரலில் சண்டை இல்லை. இப்போது யோசித்தால், அவளுக்கு ஒரு வழி விட்டுத்தான் கேட்டிருக்கிறார். ஆனால் அன்று அவளுக்கு அது ஐந்தாம் வகுப்பு தாண்டாத ஒருவரின் தடுமாற்றமாகப் பட்டது.

"லிட்டர்னா கிலோதானே மாமா. சந்தேகமா இருந்தா வீட்டுக்குப் போய்த் தண்ணி ஊத்திப் பாருங்க."

கடையே சிரித்தது. வீத்தோ எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தார். மேசையைத் தட்டி, "நான் முப்பது வருஷமா நிறுக்கறேன், எனக்குத் தெரியாதா?" என்றார்.

"கேஸு பால் இல்ல, வீத்தோ" என்றார் கானியோ.

"ஆமா, பால் கறக்கறதுக்கு மாடு வேணும். ஒனக்கு நாங்க இருந்தோம்" என்றான் சவேரியோ. சிரிப்பு அடங்குவதற்குள் அவனே மேலும் சொன்னான்: "இனிமே ஒன் பேரு கானியோ இல்ல. ரெட்டை. ஒண்ணுக்கு ரெண்டு வாங்கறவன்."

கானியோ கோப்பையைப் பாதியோடு வைத்துவிட்டுப் போனார். அந்த வாரமே பதினான்கு வீடுகள் கையெழுத்துப் போட்டன. முதல் கையெழுத்து வீத்தோவுடையது.

பெயர் ஒட்டிக்கொண்டது. பச்சை வேன் வந்தால் "ரெட்டை வந்துட்டான்" என்றார்கள். அவரிடம் தொடர்ந்து வாங்கியவர்கள் டேங்க் வைக்க இடம் இல்லாதவர்கள் மட்டுமே. படிக்கட்டுச் சந்தில் ஒற்றை அறையில் இருந்த விதவை தேயோதோரா அவர்களில் ஒருத்தி. கானியோ தராசில் சிலிண்டரை மாட்டும்போது எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து, "தேயோதோரா, தராசையும் சேத்து நிறுத்துக் குடுத்துருவான், பாத்துக்க" என்று குரல் வரும். கானியோ வெற்று எடையைப் படிப்பதை நிறுத்தவில்லை. குரலை மட்டும் தாழ்த்திக்கொண்டார்.

ஜனவரியில் ஒரு நாள் காலை டேங்க் லாரி இரண்டாம் முறையாக வந்தது. முதலில் ஊற்றிய ஆயிரம் லிட்டர் இரண்டு மாதத்தில் தீர்ந்திருந்தது. எல்லா அறையும் சூடாக இருக்கிறதே, தீரத்தானே செய்யும் என்று அப்பா சொல்லிக்கொண்டார். டிரைவர் குழாயைச் சுருட்டிவிட்டு இரண்டு சீட்டுகளை அவளிடம் நீட்டினான். ஒன்று பில்: ஆயிரம் லிட்டர், ஆயிரத்து முந்நூறு யூரோ. மற்றது லாரியின் சரக்குச் சீட்டு, ரோட்டில் போலீஸ் கேட்டால் காட்டுவதற்கானது. அதில் இதே வீட்டுக்கு இறக்கிய சரக்கு ஐந்நூற்றுப் பதினைந்து கிலோ என்று இருந்தது.

"இது தப்பா இருக்கே" என்றாள். "பாதிதான் போட்டிருக்கு."

"தப்பு இல்லம்மா. அது கிலோ, இது லிட்டர். கேஸு லேசுல்ல, தண்ணியில பாதி எடைதான்." டிரைவர் அதை வானிலை சொல்வது போலச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

அவள் வாசலிலேயே நின்றாள். ஆயிரத்து முந்நூறை ஐந்நூற்றுப் பதினைந்தால் வகுக்கத் தாள் தேவைப்படவில்லை. இரண்டு ஐம்பத்திரண்டு. கானியோவின் கிலோ இரண்டு நாற்பது. படியேறித் தோளில் சுமந்து, நிறுத்துக் காட்டி, இரண்டு நாற்பது. மூன்று வருடம் அவள் படித்த பாடங்களில் கேஸின் எடை எங்கும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் எடையைக் கேட்ட ஒரு மனிதனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லி எந்தப் பாடத்திலும் இருந்ததில்லையே. முகம் எரிந்தது. குளிர்காற்று அதற்கு ஒன்றும் செய்யவில்லை.

அப்பா உள்ளேயிருந்து, "பில்லு சரியா இருக்கா, டாக்டரம்மா?" என்றார். அவர் அப்படித்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பாதி விளையாட்டாக.

"சரியா இருக்குப்பா" என்றாள்.

மறுநாள் காலை கானியோவின் முற்றத்துக்குப் போனாள். விற்காத சிலிண்டர்கள் சுவரோரம் நின்றிருந்தன. அவர் வேன் சக்கரத்துக்குப் பனிச்சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தார். அவள் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள், சரக்குச் சீட்டு, டிரைவர், வகுத்தது எல்லாம். அவர் சங்கிலியை விடவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"தெரிஞ்சும் ஏன் மாமா சொல்லல?"

"கேட்டேனே. தண்ணி ஊத்திப் பாக்கச் சொன்ன."

அவள் மன்னிப்புக் கேட்டாள். அழுகை வந்தது. அவர் எழுந்து, கையைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"இங்க அழுது என்ன ஆகப் போகுது? இந்த முத்தத்துல இருக்கறது நானும் நாயும். ரெண்டு பேருக்கும் நான் ரெட்டை இல்லன்னு தெரியும்." துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "வியாபாரம் போனா போவுது. அஞ்சு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டானுவ, இனி அழுதாலும் வர மாட்டானுவ. நீ எங்க சொன்னியோ அங்க போய்ச் சொல்லு. அவ்வளவுதான் கேக்கறேன். ஒரே ஒரு தடவ."

"ஞாயித்துக்கிழமை சொல்றேன்."

"காபி நான் வாங்கித் தரேன்" என்றார். சிரிக்கவும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை காபிக்கடை கொதித்துக்கொண்டிருந்தது. எல்லார் வீட்டுக்கும் இரண்டாவது பில் வந்திருந்தது. ஜெரார்தா மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியம் சின்னது: 'நான் தப்பாக் கணக்குப் போட்டேன், கானியோ மாமா சரியாத்தான் வித்தார்.' கதவருகே கானியோ நின்றிருந்தார், கையில் இரண்டு கோப்பை. ஒன்று அவளுக்கு.

அவள் வாயைத் திறப்பதற்குள் சவேரியோ திரும்பினான். "இதோ வந்துட்டா. நீயே சொல்லு டாக்டரம்மா, கம்பெனிக்காரன் மீட்டர்ல கை வச்சிருக்கான்தானே?"

"எங்க பொண்ணு கண்டுபிடிச்சிருவா" என்றார் வீத்தோ. அவர் எழுந்து நாற்காலியைத் தந்தார். அப்பா தனக்கு நாற்காலி கொடுத்தது அவளுக்கு அதற்கு முன் நினைவில்லை. முப்பது முகங்கள் அவளைப் பார்த்தன. எல்லாவற்றிலும் நம்பிக்கை.

"ஒப்பந்தத்த முழுசாப் படிக்கணும்" என்றாள் ஜெரார்தா. "எல்லாரும் கொண்டு வாங்க. நான் கடிதம் எழுதித் தரேன்."

கடை ஆறுதலாக மூச்சு விட்டது. கானியோ இரண்டு கோப்பைகளையும் கல்லா மேல் வைத்தார், இரண்டுக்கும் காசு வைத்தார், போய்விட்டார். அவளைப் பார்த்தாரா என்பது அவளுக்குத் தெரியாது. அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

கடிதங்கள் எழுதினாள். பதினான்கு வீட்டுக்கும், ஒரு வருடத்துக்கு மேலாக. கையெழுத்து வாங்கிய முறையில் ஒரு ஓட்டை கண்டுபிடித்தாள். இரண்டாம் குளிர்காலம் முடிந்ததும் கம்பெனி எல்லோரையும் விட்டுவிட்டது. ஊர் அவளுக்குப் பன்றித் தொடையும் சீஸும் கொண்டுவந்து கொடுத்தது. "டாக்டரம்மா இல்லன்னா நாம முழுகியிருப்போம்" என்றார்கள். அந்தப் பேச்சுதான் ஊராட்சியில் வேலை வாங்கித் தந்தது. அவள் எதையும் மறுக்கவில்லை. பன்றித் தொடை ஒன்றை மட்டும் தின்ன முடியாமல் நாய்க்குப் போட்டாள்.

கானியோ முதல் வருட ஈஸ்டருக்கு முன்பே வேனை விற்றுவிட்டு, வடக்கே தூரின் நகரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு கிடங்கில் இரவுக் காவல் என்று கேள்வி. டேங்குகளைத் தோண்டி எடுத்த பிறகு செர்ராபியானாக்காரர்கள் பதினேழு கிலோமீட்டர் கீழே இறங்கித் தாங்களே சிலிண்டர் வாங்கிவரத் தொடங்கினார்கள், முன்பைவிட அதிக விலைக்கு, நிறுத்துக் காட்ட ஆளில்லாமல். அப்போதும், "ரெட்டை இருந்தவரைக்கும் வாசல்லயாவது எறக்குவான், திருடன்னாலும்" என்றுதான் பேச்சு.

அவள் ஒவ்வொரு முறையும் சொல்ல நினைத்தாள். அப்பாவுக்காகத்தான் தள்ளிப்போடுகிறேன் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். தன் மகளைப் பற்றி இந்த ஊரில் தலைநிமிர்ந்து பேசுகிற ஒரே சந்தோஷம் அவருக்கு. ஆறு வருடத்துக்கு முன் வீத்தோ இறந்தார். அதன் பிறகு அந்தச் சாக்கும் இல்லை. அப்போதுதான், அது சாக்காகவே இருந்தது என்பது அவளுக்குத் தெரிந்தது. அப்பா உயிரோடு இருந்தபோது சொல்லாதவள் அவர் போன பின்பும் சொல்லவில்லை. அப்படியானால் யாருடைய தலைநிமிர்வை இத்தனை நாள் காப்பாற்றிக்கொண்டிருந்தாள்?

போன நவம்பரில் அச்சகக்காரர் ஜன்னலுக்கு வந்தார். சுவரில் ஒட்டும் மரண அறிவிப்பு, முப்பது தாள். ஒவ்வொன்றிலும் ஊராட்சி முத்திரை குத்த வேண்டும். கறுப்புக் கட்டத்துக்குள் பெயர் இருந்தது: கானியோ லாகுவார்தியா. அடியில், 'ரெட்டை என்று அழைக்கப்பட்டவர்.' தூரினில் அடக்கம். ஊர்க் கோயிலில் பூசை மட்டும்.

கொஞ்ச நேரம் முத்திரையைக் கையிலேயே வைத்திருந்தாள்.

"இந்த ரெண்டாவது வரிய எடுத்துட்டு அடிக்க முடியுமா?"

"எதுக்கு? தப்பா இருக்கா?" என்றார் அச்சகக்காரர். பட்டப்பெயர் போடுவது ஊர் வழக்கம். இல்லாத அறிவிப்புதான் அவருக்கு அதிசயம்.

வரிசையில் சவேரியோ நின்றிருந்தான், தலை முழுக்க நரைத்து. "அத எடுத்தா எந்தக் கானியோன்னு எவனுக்குத் தெரியும்? ஊர்ல பதினோரு கானியோ இருக்கான். மத்தவனுவ இன்னும் சாகவே இல்ல, பயந்துருவானுவ."

எல்லோரும் சிரித்தார்கள். தப்பா இருக்கா என்ற கேள்வி ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்படியே காத்துக்கொண்டிருந்தது. பதினைந்து பேர் வரிசையில். அதில் ஏழெட்டுப் பேர் அன்று காபிக்கடையில் இருந்தவர்கள். இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

"இல்ல" என்றாள் ஜெரார்தா. "பேரு நீளமா இருக்கேன்னு பாத்தேன்."

முப்பது தாளிலும் முத்திரை குத்தினாள்.

மாலை வீட்டுக்குப் போகும் வழியில் படிக்கட்டுச் சந்தின் முனையில் தேயோதோரா நின்றிருந்தாள். எண்பத்தாறு வயது. சுவரில் பசை காயாத அறிவிப்பை மூக்கு உரச வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள்.

"போயிட்டானா" என்றாள். "கடைசி வரைக்கும் என் சிலிண்டர இந்தப் படியில தூக்கிட்டு வந்தது அவன்தான். ஒண்ணுக்கு ரெண்டு வாங்கினான்னு சொல்றாங்க. எங்கிட்ட அப்படி வாங்கின மாதிரி எனக்குத் தோணவே இல்ல. எனக்கு என்ன கணக்குத் தெரியும்? நீ படிச்ச பொண்ணு, நீதான சொன்ன. அப்ப சரியாத்தான் இருக்கும்."

ஜெரார்தா கிழவியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். படியேறும் வரை முழங்கால் வலி பற்றியும் வரப்போகிற பனியைப் பற்றியும் பேசினார்கள். கதவில் பையைக் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கினாள். எதிரே காபிக்கடையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே அதே ஆட்களின் சத்தம் கேட்டது. அவள் கடையைத் தாண்டி நடந்தாள். அங்கே ஒரே ஒரு தடவை சொல்வதாக அவள் ஒப்புக்கொண்டதை இதுவரை சொல்லவில்லை.